பெட்டியிலும் அலமாரியிலும் பிடிக்கும் பூசணம்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடைமழை பிடித்து நான்கு நாட்கள் கழிந்ததும், கிராமத்து வீடுகளில் துணிப்பெட்டியையோ சுவரலமாரியையோ திறக்கும்போது ஒருவித மக்கல் வாடை முகத்தில் அடிப்பது யாவரும் அறிந்த விஷயம். அதைப் பெரும்பாலோர் பொருட்படுத்துவதில்லை. மழைக்காலத்தின் இயல்பு அது என்றும், தை பிறந்து வெயில் ஏறினால் தானே போய்விடும் என்றும் எண்ணிக் கதவை மூடிவிடுகின்றனர். சற்றுக் கவலையுள்ளவர்கள் இரண்டு நாப்தலின் உருண்டைகளை உள்ளே போட்டு, வாடை மாறியது கண்டு திருப்தியடைகின்றனர். பின்னர் பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ எடுத்துப் பார்க்கும்போது, பட்டுப்புடவையின் மடிப்பில் சாம்பல் நிறப் புள்ளிகளும், தோல்பையின் மேல் வெண்ணிறப் படலமும், அடித்தட்டில் வைத்திருந்த பத்திரத்தின் ஓரத்தில் பசுமை கலந்த கருமையும் காணப்படுகின்றன.

இவற்றுள் துணியின் நஷ்டம் உடனே கண்ணுக்குத் தெரிவது. காகிதத்தின் நஷ்டம் காலங்கடந்தே தெரிவது. கேட்டவுடன் கொடுப்பதாக எழுதிய பிராமிசரி நோட்டின் மீது வழக்கிடுவதற்கு, அது எழுதப்பட்ட தேதியிலிருந்து 3 வருஷமே கெடு. அந்தக் கெடு முடியுமுன் கடன்பட்டவர் ஒரு தொகையைச் செலுத்தி, அதை நோட்டின் பின்புறத்தில் தம் கையெழுத்தோடு வரவு எழுதிக் கொடுத்தால், கெடு அத்தேதியிலிருந்து புதிதாக எண்ணப்படும். கடன் கொடுத்தவரின் உரிமை முழுவதும் அந்த ஒரு வரியில் அடங்கியிருக்கின்றது. பூசணம் முதலில் பற்றுவது காகிதத்தின் மடிப்பையும் ஓரத்தையுமே. வரவு எழுதப்படுவதும் பெரும்பாலும் அங்கேதான். மறுபுறம், கடனைத் தீர்த்தவர் கையில் அதற்குச் சாட்சியாக இருப்பது ஒரு ரசீது. அது மக்கிப் போனால், கட்டிய பணத்தை இரண்டாம் முறை கேட்டாலும் அவர் வாய் திறக்க வழியில்லை. இருவரும் உயிருடனிருந்து நாணயஸ்தர்களாகவும் இருந்தால் தொல்லையில்லை. ஒருவர் காலமாகி, அவர் பிள்ளைகள் பாகப்பிரிவினைக்கு நிற்கும் சமயத்தில், வாசிக்க முடியாத ஒரு வரியின் பொருட்டு இரு குடும்பங்கள் முகங்கொடுத்துப் பேசாமல் பல வருஷம் இருந்துவிடுகின்றன. அந்த வரியை அழித்தது எலியும் அன்று, கறையானும் அன்று. அலமாரியின் பின்சுவரில் ஊறிய ஈரமே.

பூசணம் என்பது யாது?

பூசணம் செடிவகையைச் சேர்ந்ததன்று, பிராணியும் அன்று. காளான் இனத்தைச் சேர்ந்த மிக நுண்ணிய உயிர் அது. அதன் வித்துக்கள் கண்ணுக்குப் புலப்படாத தூளாய் எங்கும் காற்றில் மிதந்துகொண்டேயிருக்கின்றன. எவ்வளவு சுத்தமான வீட்டிலும் அவை புகாமற் செய்ய இயலாது. 1928-ஆம் வருஷத்தில் அலெக்ஸாண்டர் பிளெமிங் என்ற விஞ்ஞானி பெனிசிலின் மருந்தின் குணத்தைக் கண்டறிந்ததும், அவருடைய கண்ணாடித் தட்டொன்றில் தற்செயலாக விழுந்து முளைத்த பூசணத்தினாலேயே. அதைக்கொண்டு, பெட்டியில் முளைப்பதும் மருந்துக்குச் சமானம் என்று யாரும் எண்ணிவிடலாகாது.

இவ்வித்து முளைக்க வேண்டுவன மூன்று: ஆகாரம், மிதமான உஷ்ணம், ஈரம். துணியிலுள்ள கஞ்சிப்பசை, உடுத்திய துணியில் தங்கிய வியர்வை, புத்தகக் கட்டின் பசை, தோல், மரத்தின் மேற்பரப்பு, ஏன், அலமாரியில் படிந்த தூசி கூட அதற்கு ஆகாரமே. உஷ்ணமோ தமிழ்நாட்டில் வருஷம் முழுவதும் அதற்குத் தோதாகவே இருக்கின்றது. ஆகவே ஆகாரத்தையும் உஷ்ணத்தையும் முற்றிலும் விலக்குவது மனிதர் வசத்தில் இல்லை. ஈரம் ஒன்றே தடுக்கக்கூடியது. அலமாரிக்குள் இருக்கும் காற்றின் ஈரப்பதம் 100-க்கு 75 அளவுக்கு மேல் ஏறிப் பல நாட்கள் அப்படியே நின்றால், பெரும்பாலான பூசணங்கள் முளைத்துவிடும். சில வகைகள் அதற்குச் சற்றுக் குறைந்த ஈரத்திலேயே முளைக்கும். தண்ணீர் பட்டு நனைந்த பொருளாயின் 24 மணி முதல் 48 மணி நேரமே போதுமானது.

மக்கல் வாடை என்பது வளர்ந்துகொண்டிருக்கும் பூசணம் வெளிவிடும் ஆவியாகும். கறை கண்ணுக்குத் தெரியுமுன்னரே வாடை மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆதலின் அதை ஒரு தூதனாகக் கருத வேண்டுமேயன்றி, வாயடைத்து அனுப்பலாகாது. ஊதுபத்தி, வாசனைச் சோப்பு, கற்பூரம் முதலியவற்றை உள்ளே வைத்து வாடையை மறைப்பது, புண்ணுக்குப் புனுகு தடவியது போலாம்.

நாப்தலின் உருண்டையைப் பற்றித் தனியே கூறுவது அவசியம். அது துணியரிக்கும் பூச்சிகளை விலக்குவதற்காக விற்கப்படுவது. ஈரத்தைக் குறைக்கும் சக்தி அதற்குக் கிடையாது. அதினும் முக்கியமானது ஒன்று உண்டு. முதற்பிள்ளைக்கு உபயோகித்த துணிகளை நாப்தலினோடு பெட்டியில் மூடி வைத்திருந்து, அடுத்த பிள்ளை பிறந்ததும் அப்படியே எடுத்துச் சுற்றும் வழக்கம் பல வீடுகளில் இருக்கின்றது. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இரத்தத்தில் ஜி.6.பி.டி. என்னும் ஒரு சத்து குறைவாயிருக்கும். அத்தகைய குழந்தை அந்த ஆவியைச் சுவாசித்தாலும், அது தோலில் பட்டாலும், இரத்தத்தின் சிவப்பணுக்கள் சிதைந்து கடும் மஞ்சட்காமாலை உண்டாகக்கூடும். எந்தக் குழந்தைக்கு அக்குறை உண்டென்று பார்த்த மாத்திரத்தில் அறிய முடியாது. எனவே பச்சைக்குழந்தைக்கு உடுத்தும் துணி இருக்கும் பெட்டியில் நாப்தலினை அறவே விலக்க வேண்டும். உருண்டையை மிட்டாயென்று எண்ணி வாயிலிடும் குழந்தைகளும் உண்டு. கற்பூரமும் உட்கொண்டால் விஷமே.

பூசணத் தூளும் வாடையும் பெரியவர்களுக்கும் கேடு செய்வன. உலக சுகாதார ஸ்தாபனம் 2009-ஆம் வருஷம் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஈரமும் பூசணமும் மிக்க வீடுகளில் வசிப்போருக்கு இருமல், இழுப்பு, ஆஸ்துமா முதலிய சுவாசத் தொல்லைகள் மிகுதியாகக் காணப்படுவதாகக் கூறியிருக்கின்றது. அலமாரிக்குப் பக்கத்திலேயே பாய் விரித்து உறங்கும் பாட்டிக்கு மழைக்காலந்தோறும் இழுப்பு வருமாயின், மருந்தோடு கூட அலமாரியையும் கவனிப்பது நல்லது.

ஈரம் வந்த வழியைக் கண்டறிதல்

பரிகாரம் செய்யப் புகுமுன் காரணம் தெரிய வேண்டும். பலர் இதைச் செய்யாமலே வர்ணம் பூசுவதிலும் புது அலமாரி வாங்குவதிலும் பணத்தைச் செலவிடுகின்றனர். பெட்டிக்குள்ளும் அலமாரிக்குள்ளும் ஈரம் வரும் வழிகள் மூன்றே: சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் ஊறி வருவது, காற்றோடு கலந்து வருவது, உள்ளே வைத்த பொருளே கொண்டு வருவது.

முதல் இரண்டையும் பிரித்தறியச் செலவில்லாத பரீட்சை ஒன்று இருக்கின்றது. சுவரலமாரியைக் காலி செய்து, பின்சுவரைத் துடைத்து உலரவிட்டு, ஒரு முழச் சதுரமுள்ள பாலித்தீன் தாளைச் சுவரோடு ஒட்டினாற்போல் வைத்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவினால் இடைவெளியின்றி மூட வேண்டும். இரண்டு நாட்கள் கழித்துப் பார்க்கையில், தாளுக்கும் சுவருக்கும் இடையில் நீர்த்துளிகள் அரும்பியிருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகின்றது. தாளின் வெளிப்புறத்தில் துளிகள் இருந்தால் காற்றிலுள்ள ஈரமே குளிர்ந்த சுவரில் படிகின்றது. இரு புறமும் இருந்தால் இரண்டும் உண்டு. மழைக்காலத்திலேயே இப்பரீட்சையைச் செய்ய வேண்டும். சித்திரையில் செய்து பயனில்லை.

காற்றின் ஈரத்தை அளக்கக் கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. கருவி இல்லாதவர்களுக்குச் சமையலறை உப்பே கருவியாகும். சுத்தமான உப்பு, காற்றின் ஈரப்பதம் 100-க்கு 75-ஐத் தாண்டும்போதுதான் நீர்விடத் தொடங்கும். அந்த அளவே பூசணத்துக்கும் வாசற்படி என்பது மேலே கூறப்பட்டது. ஆனால் கல்லுப்பில் வேறு சில உப்புக்களும் கலந்திருப்பதால் அது முன்னதாகவே கசியும். ஆகையால் ஒரு பிடி கல்லுப்பைச் சிறிது நீரில் ஒருமுறை அலசி வடித்து, வெயிலில் நன்றாய்க் காயவைத்து, ஒரு கண்ணாடித் தட்டில் பரப்பி அலமாரிக்குள் வைக்க வேண்டும். அது கலகலவென்று இருக்கும்வரை பயமில்லை. ஒன்றோடொன்று ஒட்டி ஈரங்கண்டால் அன்றே நடவடிக்கை எடுத்தாக வேண்டும்.

சுவரின் ஈரம்

கிராமத்து வீடுகளில் சுவரலமாரி என்பது பெரும்பாலும் சுவரின் கனத்தைக் குடைந்து அமைக்கப்பட்டது. மற்ற இடங்களில் ஒரு முழக் கனமுள்ள சுவர், அலமாரியின் பின்புறத்தில் மட்டும் அரைச் செங்கல் கனமே இருக்கும். அப்புறத்தில் மழைச்சாரல் அடித்தாலும், இறவாரத்து நீர் தரையில் விழுந்து தெறித்தாலும், குளிக்கும் இடம் இருந்தாலும், அந்த ஈரம் உட்புறம் வந்து சேர அதிக நாட்கள் ஆவதில்லை. வீட்டில் மிகப் பத்திரமான இடம் என்று கருதிப் பத்திரங்களை வைக்கும் இடம், உண்மையில் வீட்டிலேயே மிக மெல்லிய சுவருள்ள இடமாக இருக்கின்றது.

அன்றியும், தரையிலுள்ள நீரைச் செங்கல் திரிபோல் மேலே இழுக்கும். கடைக்காலுக்கு மேல் ஈரந்தடுக்கும் அடுக்கு இல்லாத பழைய வீடுகளில், சுவரின் அடியில் ஒரு முழம், இரண்டு முழ உயரம் வரை வெள்ளைப் பூச்சு பொரிந்து, உவர் பூத்து உதிர்வதைக் காணலாம். சமீப காலத்தில் இத்தொல்லை அதிகரிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. வீதிக்குச் சாலை போடும்போதெல்லாம் பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதியதைப் போடுவதால், வீதி உயர்ந்துகொண்டே போகின்றது. முன்பு மூன்று படி ஏறிச் சென்ற திண்ணைக்குப் பின்னர் ஒரு படி இறங்க வேண்டியதாகிறது. மழைநீர் வீட்டை நோக்கித் திரும்புகின்றது. சாலை நல்லதுதான், ஆனால் சுரண்டிய பின் போடும்படி கிராம சபைக் கூட்டத்தில் ஊரார் ஒருமுகமாய்க் கேட்பது, ஒவ்வொருவரும் தனித்தனியே தம் சுவருக்கு மருந்து தேடுவதினும் மேலானது.

சுவர் உதிர்வதைக் கண்டவர்கள் செய்யும் காரியம் பெரும்பாலும் அதன்மேல் சிமெண்டுப் பூச்சு கொடுப்பதே. மண் சாந்திலும் சுண்ணாம்புக் காரையிலும் கட்டிய சுவருக்கு இது நன்மை செய்வதில்லை. அத்தகைய சுவர் தான் ஏற்ற நீரைத் தன் மேற்பரப்பின் வழியே வெளிவிட்டு உலரும் இயல்புடையது. சிமெண்டு அந்த வழியை அடைக்க, நீர் இன்னும் மேலே ஏறி, பூச்சு இல்லாத உயரத்தில் வெளிப்படும். எண்ணெய் வர்ணம் பூசினாலும் இதே கதை. சில மாதங்களில் கொப்புளித்து உரியும். பழைய சுவருக்குச் சுண்ணாம்புக் காரையும் சுண்ணாம்பு வெள்ளையுமே உரியன. புதுச் சுண்ணாம்பின் காரம் பூசணம் முளைப்பதையும் தடுக்கும். காற்றுப் பட்டு நாளாக ஆக அக்காரம் குறைந்துவிடுமாதலால், வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன்னர், அலமாரியின் உட்புறத்துக்கும் சேர்த்து வெள்ளையடிப்பது உசிதம். கூடத்தைப் பளிச்சென்று வெள்ளையடித்துவிட்டு அலமாரிக் கதவைத் திறவாமலே விடுவது சாதாரணமாய் நடக்கின்றது.

சுவருக்கு வெளியே செய்ய வேண்டியவை: இறவாரத்து நீரைத் தகரத் தூம்பில் ஏந்திச் சுவரை விட்டு எட்டக் கொண்டுபோய் விடுவது, சுவரோரத் தரையைச் சுவரிலிருந்து வெளிநோக்கிச் சரியும்படி கெட்டிப்படுத்துவது, சுவரில் சாய்த்து வைத்த மண்குவியல், வரட்டி அடுக்கு, விறகு ஆகியவற்றை அகற்றுவது, குளிக்கும் நீரும் பாத்திரங் கழுவும் நீரும் சுவரடியில் தேங்காமல் வாய்க்கால் வெட்டி, சுவருக்கும் கிணற்றுக்கும் தொலைவில் உறிஞ்சுகுழி அமைப்பது. அடுத்தடுத்து ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒரு வீட்டுக் குளியல்நீர் மறு வீட்டு அலமாரியை நனைப்பது சகஜம். வாய்ச்சண்டையால் ஒரு துளியும் வற்றாது. இரு வீட்டாரும் செலவைப் பங்கிட்டு ஒரே வாய்க்காலும் ஒரே குழியும் அமைத்தால் தனித்தனியே செய்வதினும் குறைந்த செலவில் முடியும்.

இவ்வளவும் செய்யச் சௌகரியம் இல்லாதவர்கள், பத்திரங்களையும் பட்டையுமாவது அச்சுவரலமாரியினின்று எடுத்து, வீட்டின் நடுச்சுவரோரம் நிற்கும் மரப்பெட்டிக்கோ பீரோவுக்கோ மாற்றிவிட வேண்டும். பெட்டி தரையில் படாமல் செங்கல்லின் மேலோ மணையின் மேலோ இருக்க வேண்டும். சுவருக்கும் அதற்கும் நான்கு விரற்கடை இடைவெளியும் வேண்டும்.

காற்றின் ஈரம்

காற்றோட்டம் நல்லது என்று யாவரும் கேட்டிருக்கின்றனர். எந்த நேரத்துக் காற்று நல்லது என்பதை அறிந்தவர் சிலரே. விடியற்காலையில் எழுந்ததும் பெட்டியைத் திறந்து வைப்பது அநேகருக்கு வழக்கம். நாளில் காற்று மிகவும் ஈரமாயிருக்கும் நேரம் அதுவே. மார்கழிப் பனியில் திறப்பது, உலர வைப்பதாகாமல் ஊற வைப்பதாகவே முடியும். மழையில்லாத நாளில் பகல் 12 மணிக்கு மேல் 4 மணி வரையிலுள்ள காற்றே ஒப்புநோக்க உலர்ந்த காற்று. அப்போது திறந்து, வெயில் சாயுமுன் மூட வேண்டும். அடைமழையில் திறக்காதிருப்பதே மேல்.

இதன் காரணத்தை ஒரு கணக்கினால் விளங்கிக்கொள்ளலாம். 30 டிகிரி உஷ்ணமுள்ள ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 25 டிகிரியில் சுமார் 23 கிராமே தாங்கும். கூடத்துக் காற்று 30 டிகிரியில் 100-க்கு 70 ஈரப்பதத்தோடு இருப்பதாகக் கொண்டால், அதில் 21 கிராம் நீராவி இருக்கும். அதே காற்று குளிர்ந்த சுவருள்ள அலமாரிக்குள் சென்று 25 டிகிரிக்குத் தணிந்தால், ஒரு துளி நீரும் சேராமலே அதன் ஈரப்பதம் 90-ஐத் தாண்டிவிடும். கூடத்தில் காய்ந்து கிடக்கும் உப்பு அலமாரியில் கசிவதும், இரும்புப் பீரோவின் பின்தகட்டில் துரு ஏறுவதும் இதனாலேயே.

அலமாரிக் கதவில் மேலே இரண்டும் கீழே இரண்டுமாகத் துளைகள் இட்டு, பூச்சி புகாதபடி மெல்லிய கம்பிவலை அடித்தால், உட்காற்று ஓரிடத்தில் தேங்கிக் குளிராது. தட்டுகளில் துணியைத் திணிக்காமல், பின்சுவரைத் தொடாமல் அடுக்க வேண்டும். உடுத்தாத துணிகளைப் பத்து வருஷமாகச் சேர்த்து அடைத்து வைத்த அலமாரியில் எத்தனை துளை இட்டாலும் காற்று நடமாடாது.

ஈரத்தை உறிஞ்சும் பொருள்களுக்கும் இடமுண்டு. ஆனால் இறுக மூடும் பெட்டிக்கே அவை உதவும். இடைவெளியுள்ள அலமாரியில் வைத்தால் ஊர்க் காற்றையெல்லாம் உலர்த்த முயன்று தோற்றுப்போகும். நீறாத சுட்ட சுண்ணாம்புக்கல் ஒரு கிலோ, நீறி முடியுமுன் சுமார் 300 கிராம் நீரை ஏற்கும். அகன்ற மட்பாண்டத்தில் பாதியளவு இட்டு, வாயைத் துணியால் கட்டி, துணிமணிகள் படாமல் வைக்க வேண்டும். கல் பொடியாய் உதிர்ந்துவிட்டால் அதன் வேலை தீர்ந்தது. அதன்மேல் தண்ணீர் சொட்டினால் கொதித்துச் சுடும். கண்ணில் பட்டால் பார்வைக்கே அபாயம். ஆகையால் ஒழுகும் கூரையுள்ள வீட்டிலும் குழந்தைகள் கைக்கெட்டும் இடத்திலும் இதை வைக்கலாகாது. அங்கே கடையில் விற்கும் சிலிக்கா மணிகளே தக்கவை. அவற்றை மீண்டும் மீண்டும் சூடாக்கி உலர்த்தி உபயோகிக்கலாம். அடுப்புக்கரி வாடையை ஓரளவு வாங்கும். நீரை அதிகம் வாங்காது. வேப்பிலை வைப்போர் சருகாய்க் காய்ந்ததையே வைக்க வேண்டும். பச்சை இலை தன் ஈரத்தையும் பெட்டிக்குள் கொண்டு சேர்க்கும்.

தஞ்சாவூர் சரசுவதி மகால் நூல்நிலையத்தில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை ஆகியவற்றைப் பொடித்துக் கற்பூரம் கூட்டிச் சிறு துணிமுடிச்சுகளாக ஏடுகளின் அருகே வைக்கும் வழக்கம் உண்டு. வீடுகளிலும் இதைக் கைக்கொள்ளலாம். ஆனால் அது முக்கியமாய்ப் பூச்சிகளை விரட்டுவதற்கு ஏற்பட்டது. சுவரின் ஈரத்துக்கு அது பரிகாரமாகாது.

துணிகள்

காய்ந்ததாகத் தோன்றும் துணியிலும் நீர் உண்டு. காற்றின் ஈரப்பதம் 100-க்கு 65 ஆக இருக்கும்போது, பருத்தி தன் எடையில் 100-க்கு 7 அல்லது 8 பங்கும், பட்டு சுமார் 11 பங்கும், கம்பளி சுமார் 16 பங்கும் நீரைத் தன்னுள் வைத்திருக்கின்றன. பட்டும் கம்பளியும் முதலில் கெடுவதற்கு இது ஒரு காரணம். மழைநாளில் கொடியில் போட்டு, கைக்கு ஈரம் தட்டாதது கண்டு மடித்து வைக்கும் துணி, அலமாரிக்குள் போய் மீதி ஈரத்தை அங்குள்ள எல்லாவற்றுக்கும் பங்கிட்டுக் கொடுக்கின்றது. தையலும் கரையும் விளிம்பும் உலர்ந்தனவா என்று தொட்டுப் பார்த்த பின்னரே மடிக்க வேண்டும். இஸ்திரி போட்ட துணியை அந்தச் சூட்டோடு அடுக்கலாகாது. ஆவி அடங்க அரைமணி நேரம் விட வேண்டும். ஒரு விசேஷத்துக்கு உடுத்திக் களைந்த பட்டை, வியர்வை உலருமுன் பெட்டியில் வைப்பதும் கூடாது. பல மாதங்கள் வைக்கும் பருத்தித்துணியில் கஞ்சி இருக்கவே கூடாது. பட்டுக்கு நிழற்காற்றே ஏற்றது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, மடிப்பை மாற்றி மடித்து, பழைய பருத்தி வேஷ்டியில் சுற்றி வைக்க வேண்டும். பாலித்தீன் உறை பட்டுக்குப் பகை.

பூசணம் பிடித்த பின் சுத்தம் செய்யும் முறை

பூசணத்தைக் கொன்றால் போதாது, அப்புறப்படுத்தவும் வேண்டும். செத்த பூசணத்தின் தூளும் இருமலையும் இழுப்பையும் உண்டாக்கும். உலர்ந்த துடைப்பத்தால் தட்டுவது வித்துக்களை வீடு முழுவதும் விதைப்பதாகும். எனவே வெயிலுள்ள நாளில் பெட்டியையும் பொருள்களையும் முற்றத்துக்கோ கொல்லைக்கோ எடுத்துச் சென்று, மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடிக்கொண்டு வேலை தொடங்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர், கர்ப்பிணிகள், குழந்தைகள் அருகில் இருக்கலாகாது.

மரத்தட்டுகளைச் சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, அத்துணியை அடிக்கடி அலசி, பின்னர் உலர்ந்த துணியால் ஒற்றி, வெயிலில் முழு நாள் விட வேண்டும். கறை ஆழமாய் இறங்கியிருந்தால் உப்புத்தாள் கொண்டு தேய்த்தெடுக்கலாம். சுண்ணாம்புச் சுவருக்குப் பழைய பொருக்கைச் சுரண்டிவிட்டு வெள்ளையடிப்பதே போதும். பிளீச்சிங் நீரைப் பளிங்கு, ஓடு, சிமெண்டுத் தரை போன்றவற்றுக்கு உபயோகிக்கலாம். பட்டின் மேலும் கம்பளியின் மேலும் அது பட்டால் நூலே கரைந்துவிடும். பிளீச்சிங் நீரோடு வினிகரையோ கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டையோ ஒருபோதும் கலக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் என்னும் விஷவாயு கிளம்பும். மூடிய அறையில் அது உயிருக்கே அபாயம்.

பருத்தித்துணியை வெந்நீரில் சோப்பிட்டுத் துவைத்து நேர்வெயிலில் உலர்த்தினால் வாடை நீங்கும். பழைய கரும்புள்ளிகள் முற்றும் போகாமலும் இருக்கலாம். தோல்பொருள்களை ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்த வேண்டும். பெட்டி உலர்ந்ததென்று தோன்றிய அன்றே பொருள்களைத் திரும்ப அடுக்காமல், இரண்டு நாட்கள் காலியாய் மூடி வைத்து, திறந்து முகர்ந்து பார்க்க வேண்டும். வாடை இருந்தால் வேலை முடியவில்லை.

பத்திரங்களும் கணக்குப் புத்தகங்களும்

நனைந்த காகிதத்துக்குக் கெடு இரண்டு நாட்களே. உடனே பிரித்து, ஒவ்வொரு தாளுக்கும் இடையில் உறிஞ்சுதாளோ அச்சிடாத வெள்ளைத்தாளோ வைத்து, விசிறிக் காற்றில் நிழலில் உலர்த்த வேண்டும். நேர்வெயிலில் போட்டால் தாள் சுருண்டு மை வெளுக்கும். ஊற்றுப்பேனா மையும் கைநாட்டும் உள்ள இடத்தைத் துடைக்கவே கூடாது, ஒற்றவும் கூடாது. தாள்கள் மிகுதியாயிருந்து அன்றே உலர்த்த இயலாவிடில், பாலித்தீன் பையிலிட்டுக் குளிர்ப்பெட்டியின் உறைபனி அறையில் வைத்தால் பூசணம் வளராது நிற்கும். பிறகு சிறிது சிறிதாய் எடுத்து உலர்த்தலாம். வெள்ளத்தில் நனைந்த ஆவணங்களுக்கு ஆவணக்காப்பகங்களிலும் இம்முறை கையாளப்படுகின்றது.

உலர்ந்த பூசணம் பிடித்த தாளை வெளியில் கொண்டுபோய், மெல்லிய மயிர்த்தூரிகையால் உடம்புக்கு எதிர்ப்புறமாகத் தூளைத் தள்ள வேண்டும். பழைய பத்திரத்துக்குப் பிளாஸ்டிக் உறை ஒட்டி லாமினேஷன் செய்வது பாதுகாப்பென்று பலர் கருதுகின்றனர். தாளில் எஞ்சிய ஈரம் உள்ளேயே சிறைப்படும். ஒட்டியதை மூலத்துக்குச் சேதமின்றிப் பிரிக்கவும் முடியாது. காகித உறையில் இட்டு, மூடியுள்ள தகரப்பெட்டியில் சிலிக்கா மணிகளோடு வைப்பதே போதுமானது. பெட்டியில் மறந்து வைத்த ரூபாய் நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தால் நகத்தால் பிரிக்க முயலக் கூடாது. சிதைந்த நோட்டுகளைப் பாங்குகளே மாற்றிக் கொடுக்கும். பிரிக்க முடியாதபடி ஒட்டியவற்றையும் தொட்டால் நொறுங்குபவற்றையும் ரிசர்வ் பாங்கின் நோட்டு வெளியீட்டு ஆபீசில் கொடுத்துக் கேட்க வேண்டும்.

பதிவு செய்த கிரயப் பத்திரமோ அடமானப் பத்திரமோ அழிந்துபோனால், சார்பதிவாளர் ஆபீசில் சான்றிட்ட நகல் பெற வழியிருக்கின்றது. பிராமிசரி நோட்டு, ரசீது, பதிவாகாத பாகக் குறிப்பு, சங்கத்தின் தினசரி வரவு செலவுப் புத்தகம் ஆகியவற்றுக்கு அத்தகைய வழி கிடையாது. ஆகவே வீட்டிலுள்ள காகிதங்களை இரண்டாகப் பிரித்து, நகல் கிடைக்காதவற்றையே உலர்ந்த பெட்டியின் மேல்தட்டில் வைக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் புரட்டாசியில், மழைக்கு முன், அவற்றை வெளியே எடுத்துப் பார்த்து, நோட்டுகளின் இரு புறத்தையும் வரவு எழுதிய பகுதி தெளிவாய்த் தெரியும்படி நகலெடுத்து, எடுத்த தேதியைக் குறித்து, மூலமும் நகலும் ஒரே பெட்டியில் இராதபடி வெவ்வேறு அறைகளில் வைப்பது அவசியம்.